பழைய பதிவுப் பெட்டி

கேசட்டில் நான்கு தடங்களாக ஒலியைப் பதியும் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. இவ்வகை 1979-ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. எங்களுடையது தகப்பனார் பிற்காலத்தில் பழையதாக வாங்கியது. ஒரு தடத்தில் தம்புராச் சுருதி, அடுத்ததில் தாயாரின் தாலாட்டு, மூன்றாவதில் தகப்பனாரின் புல்லாங்குழல் என ஒவ்வொன்றாகப் பதிந்து, பின் ஒருங்கே கேட்கலாம்.

தொல்லைகளும் உண்டு. சாதாரணக் கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். இதில் அதற்கு இருமடங்கு வேகம். நாடாவின் இரு பக்கங்களையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துக்கொள்வதால், 60 நிமிஷக் கேசட்டில் 15 நிமிஷமே கிடைக்கும்.

சென்ற மழைக்காலத்தில் உள்ளிருந்த ரப்பர் பெல்ட் தளர்ந்து தாயாரின் குரல் தள்ளாடிற்று. வேறொரு கேசட் பெட்டியில் போட்டோம். குரல் பாதி வேகத்தில் முனகியது. நாடாவைத் திருப்பினால் குழல் பின்னோக்கி ஒலித்தது. தாயார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவர் குரல் இந்த ஒரு பெட்டியையே நம்பியிருந்ததை அன்றுதான் உணர்ந்தோம்.

ஆயினும் இதன் குணத்தையும் சொல்லவேண்டும். பதிந்ததன்மேல் மறுபடி பதிந்தால் முன்னையது அழிந்துபோம். ஆகவே தாயார் பத்து நாள் பழகிய பிறகே பாடினார். அந்தப் பொறுமை குரலில் கேட்கிறது.

பழுது பார்ப்பவர் புதிய பெல்ட் மாட்டித் தந்தார். அன்றிரவே மூன்று தடங்களையும் தனித்தனியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். இத்தகைய பெட்டி வைத்திருக்கும் அன்பர்கள், அது ஓடும்போதே இதைச் செய்துகொள்வார்களாக.

நான்காவது தடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதில் பாட்டியோடு சேர்ந்து பாட எங்கள் மகள் பழகிவருகிறாள்.