உம் கொட்டும் ஆள்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ராத்திரி என்பது ரெண்டாவது ஷிஃப்ட்டு விட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். மில்லுச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் ரயில்வே பாலத்துக்குக் கீழே சைக்கிள்கள் வரிசையாக வரும். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும் ஆண்கள் முற்றத்துக் குழாயில் கைகால் அலம்பிக்கொண்டு நேராகத் தட்டின் முன்னால் உட்காருவார்கள். வட்டாரம் என்றால் ஒரு முற்றம், சுற்றிலும் ஒண்டுக் குடித்தனங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். மினர்வா மில், ராஜா மில், பின்னி மில், அப்புறம் ரயில்வே. இவைதான் எங்களுக்குச் சோறு போட்டவை. மினர்வா மில்லின் பெயர் 1980ஆம் வருடத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நாட்டிலுள்ள சட்டக் கல்லூரி மாணவர் அத்தனை பேருக்கும் தெரியும். எங்களுக்கு அது ஒரு சங்கின் குரல்.

சாப்பாடு முடிந்ததும் ராணிப்பேட்டைப் பெரியப்பா திண்ணைக்கு வருவார். யாருக்கும் சொந்தப் பெரியப்பா இல்லை. வட்டாரம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. ஸ்பின்னிங்கில் வேலை. நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் நின்றவர் என்பதால் பகலில் அவர் பேசினால் கத்துவது போல இருக்கும். கதைக்கு உட்கார்ந்துவிட்டால் குரல் அடங்கிவிடும். மேளம் கிடையாது, வேஷம் கிடையாது. கையில் வெற்றிலைப் பெட்டி, எதிரே எதிர்வீட்டு டெய்லர் மாமா. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

டெய்லர் மாமா மண்டியாக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேச வராது. கதைக்கு உம் கொட்டும் ஆள் அவர்தான். பெரியப்பா ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். டெய்லர் மாமா “ஹூம்” என்பார். அடுத்த வாக்கியம் நகரும். அந்த ஹூம் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ராஜா வேட்டைக்குக் கிளம்பும்போது ஒரு மாதிரி, தூது வந்தவன் பொய் சொல்லும்போது வேறு மாதிரி. மாமா சந்தேகப்பட்டால் பெரியப்பா அந்த இடத்தை இன்னும் விரித்துச் சொல்வார். தூக்கம் வருகிற மாதிரி ஹூம் இழுபட்டால், பத்து மைல் காட்டைத் தாண்டிக் குதிரை ஒரே பாய்ச்சலில் கோட்டை வாசலுக்கு வந்துவிடும். மாமா ஊருக்குப் போன ராத்திரிகளில் கதை கிடையாது. “யாருக்குடா சொல்லிகினு இருப்பேன், செவத்துக்கா?” என்று படுத்துவிடுவார்.

தேசிங்குராஜன் கதை அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. செஞ்சியை ஆண்ட தேஜ்சிங், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து 1714இல் செத்துப்போன அந்த இளவயசுக்காரன். அவன் மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறியதால்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள். அதனால் பெரியப்பாவுக்கு அது எங்கேயோ நடந்த சரித்திரம் இல்லை, ஊர்ச் சாவு. தேசிங்கின் சிநேகிதன் மாபத்கானுக்குக் கல்யாணம் நடக்கிற இடத்துக்கு ஓலை வந்து சேருகிற கட்டத்தை அவர் சொல்கிற விதம் எனக்கு இன்னும் வரி தவறாமல் நினைவிருக்கிறது. பந்தல் போட்டாயிற்று. பெண் உள்ளே இருக்கிறாள். குதிரைக்காரன் வாசலில் நிற்கிறான். இங்கே பெரியப்பா நிறுத்தி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பிப்பார். நரம்பு கிள்ளி, மடித்து, வாயில் வைத்து, மெதுவாக மெல்லுவார். முற்றத்தில் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். டெய்லர் மாமாவும் வாய் திறக்கமாட்டார். ஓலையைப் பிரித்தால் சண்டைக்குப் போக வேண்டும். பிரிக்காவிட்டால் கல்யாணம் நடக்கும். “இன்னா பண்ணுவான் சொல்லு” என்று கடைசி வீட்டு இப்ராகிம் பாயைப் பார்த்துக் கேட்பார். பாய் ஒரு தடவைகூட உடனே பதில் சொன்னதில்லை. அன்றைக்குக் கதை அங்கேயே நின்றுவிடும்.

மறுநாள் காலையில் குழாயடியில் பஞ்சாயத்து. போனது சரியா, தப்பா? அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டானா? பெண்கள் எல்லாரும் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நல்லதங்காள் சொன்ன வாரம் இன்னும் மோசம். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளியவளை மன்னிக்கலாமா என்று ஆரம்பித்த பேச்சு, லே ஆஃப் ஆன வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதில் போய் முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக்கு யாரோ படி அரிசி கொண்டுபோய் வைத்தார்கள்.

அதனால் சொல்கிறேன், அவை பெரியவர்களின் கதைகள். எங்களைத் தூங்கச் சொல்லி உள்ளே விரட்டுவார்கள். நாங்கள் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டதெல்லாம் திருட்டுக் கேட்பு. கதை என்றால் குழந்தைகளைத் தூங்க வைக்கிற சமாசாரம் என்ற எண்ணம் எப்போது வந்ததோ, அப்போதே அதன் உயிர் பாதி போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அரக்கனின் உயிர் கிளிக்குள் இருக்கிற கதையும் பெரியப்பா சொல்வார். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி. சிறைப்பட்ட பெண் அரக்கனுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டே உன் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்பாள், அவன் பொய் சொல்வான், அவள் அழுவாள். பல வருடங்கள் கழித்து நார்வே நாட்டுக் கதை ஒன்றைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அதே கதை! அங்கே பூதத்தின் இதயம் தொலைதூர ஏரியில் ஒரு தீவு, தீவில் ஒரு தேவாலயம், தேவாலயத்தில் ஒரு கிணறு, கிணற்றில் ஒரு வாத்து, வாத்துக்குள் ஒரு முட்டை, அந்த முட்டைக்குள் இருக்கிறது. முதலில் வாசற்படிக்குக் கீழே என்று பொய் சொல்கிறது பூதம். அந்தப் பெண் வாசற்படியைப் பூவால் அலங்கரித்து வைக்கிறாள். அடுத்து அலமாரியில் என்கிறது. அலமாரிக்கும் மாலை போடுகிறாள். அந்தப் பூவில் மயங்கித்தான் பூதம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. அண்ணன்மாரைத் தேடி வந்த தம்பி முட்டையை நெருக்கியதும் பூதம் கெஞ்சுகிறது. கல்லாக்கி வைத்த அண்ணன்மாரையும் அவர்களின் மணப்பெண்களையும் திரும்ப மனிதராக்கினால் உயிரோடு விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, காரியம் முடிந்ததும் முட்டையை நசுக்கிவிடுகிறான் தம்பி. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? எங்கள் குழாயடிக்கு இது வந்திருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

இந்தக் கதைகளைத் தொகுத்தவர்கள் ஆஸ்பியோர்ன்சன், மூ என்ற இரண்டு நண்பர்கள். 1841இல் முதல் தொகுப்பைச் சிறு புத்தகமாக வெளியிட்டார்கள். மூ பிற்பாடு பிஷப் ஆனார். ஆஸ்பியோர்ன்சன் விலங்கியல் படித்து வன அதிகாரியானார். ஆஸ்பியோர்ன்சனிடம் எனக்குப் பிடித்தது வேறு. 1845இல் தொடங்கித் தனியாக வெளியிட்ட நூலில் அவர் கதையை மட்டும் எழுதவில்லை. சொல்லும் ஆளையும், சொல்லும் இடத்தையும், கூட இருந்து கேட்டவர்களையும் எழுதினார். ஆற்றங்கரை ஆலையில் ஒரு கிழவர் பேய்க்கதை சொல்வது அதில் வருகிறது. ஒஸ்லோ நகரத்தின் அந்த ஆக்கர்செல்வா ஆற்றங்கரையில் பிறகு நெசவாலைகள் வரிசையாக எழுந்தன. இப்போது அவையும் இல்லை. ஆனால் அங்கே பெரியவர்கள் அரங்கில் உட்கார்ந்து, கையில் புத்தகம் இல்லாமல் ஒருவர் சொல்லச் சொல்ல அதே பூதக் கதைகளைக் கேட்கிறார்கள். வாய்மொழியாகக் கதை சொல்லும் கலையை ஒஸ்லோவில் உயர்கல்விப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். படித்தபோது சந்தோஷமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

இங்கே கதை கேட்கும் பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தது, அடுத்த வருடம் அக்டோபரில் மகாபாரதம். டிவி இருந்த ஒரே வீட்டு வாசலில் மொத்த வட்டாரமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியது. பெரியப்பாவும் போய் உட்கார்ந்தார். டெய்லர் மாமா பழக்கதோஷத்தில் முதல் வாரம் டிவிக்கும் ஹூம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பெரியப்பாவைத் தவிர. மில்களில் ஷிஃப்ட்டுகள் குறைந்தன, ஆட்கள் கணக்கு முடித்துக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பினார்கள். அப்புறம் 1991 டிசம்பர் வந்தது. தமிழர்களுக்கு எதிரான காவிரிக் கலவரத்தின் அந்த இரண்டு ராத்திரிகளில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். டெய்லர் மாமா வட்டாரத்து வாசலில் நாற்காலி போட்டு விடியும்வரை இருந்தார். எங்கள் வட்டாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பல குடும்பங்கள் அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. பெரியப்பா இருந்தார். மாமா தன் மகனோடு மண்டியாவுக்குப் போன பிறகு, பெரியப்பா கதை சொல்லி யாரும் கேட்கவில்லை.

ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி ஸ்கொயர் மால் நிற்கிறது. 2014இலிருந்து பக்கத்து ஸ்ரீராமபுரத்துக்கு மெட்ரோ ஓடுகிறது. இந்த ஊரில் கதை சொல்கிறவர்கள் இல்லை என்று சொன்னால் பாவம். கீதா ராமானுஜம் 1998இல் கதாலயாவைத் தொடங்கி எத்தனையோ பேரைக் கதைசொல்லிகளாக்கியிருக்கிறார். பெங்களூர் ஸ்டோரிடெல்லிங் சொசைட்டி பெரியவர்களுக்கும் சேர்த்தே கதை சொல்கிறது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. தேசிங்கை எடுங்கள். ராணிப்பேட்டைத் தமிழில் ஒருவர் சொல்லட்டும், எதிரே கன்னடக்காரர் ஒருவர் உட்காரட்டும். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கதைக்கு மூன்று ராத்திரியாவது வேண்டும். முதல் ராத்திரி ஓலை வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வந்தவர்கள் மறுநாள் காலை மெட்ரோவில் நின்றுகொண்டே, மாபத்கான் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமா இல்லையா என்று வாய்ச்சண்டை போடட்டும்.