முதல் முக்குளிப்புக்கு ஏன் பொனேர்?

கரீபியனில் ஸ்கூபா பழக எந்தத் தீவுக்குப் போகலாம் என்று யோசிப்பவர்களுக்குப் பெரும்பாலும் புகைப்படங்களே வழிகாட்டுகின்றன. பெலீஸின் வட்டமான நீலக்குழி, மெக்சிகோவின் கோசுமெல் தீவை ஒட்டிய பவளச் சுவர்கள், கிராண்ட் கேமனில் மனிதர்களைச் சுற்றி வரும் திருக்கைகள் என்று ஒவ்வொன்றும் மனத்தை இழுக்கும். அவற்றின் அழகில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முதன்முறையாகச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொள்பவர் அழகைப் பார்ப்பதற்கு முன் மூச்சு சீராக வேண்டும், காது பழக வேண்டும், உடல் நீரில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கக் கற்க வேண்டும். இவற்றுக்கு நிதானம் தரும் தீவு எது என்பதே முதல் கேள்வி. என் பதில், வெனிசுவேலாவுக்கு வடக்கே உள்ள டச்சுத் தீவான பொனேர்.

காரணத்தை நீரின் இயல்பிலிருந்தே தொடங்கலாம். கடல்மட்டத்தில் நம்மீது இருக்கும் அழுத்தம், பத்து மீட்டர் ஆழத்துக்குள் இரு மடங்காகிவிடுகிறது. காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குவது இந்த முதல் பத்து மீட்டரில்தான். அடுத்த பத்து மீட்டரில் அந்த மாற்றம் இவ்வளவு வேகமாக இருப்பதில்லை. அதனால், ஆழம் குறைவு என்று பலரும் அலட்சியமாக எண்ணும் பகுதியே புதியவரின் காதுக்குக் கடினமான பகுதி. அங்கே அரை மீட்டர் இறங்கி, நின்று, மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்து, மறுபடி இறங்கும் அவகாசம் வேண்டும். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும் இடத்திலும், படகிலிருந்து எல்லோரும் ஒன்றாகக் குதித்து இறங்கும் இடத்திலும் அந்த அவகாசம் சுலபமாகக் கிடைக்காது. பதற்றத்தில் மூச்சு வேகமாகும், காற்றும் சீக்கிரம் தீரும். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் செலவாவதைப்போல் இரு மடங்கு காற்று செலவாகிறது.

பொனேரின் அமைப்பு இந்தத் தேவைக்குப் பொருந்துகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கிழக்குக் கரையில்தான் மோதுகிறது. மேற்குக் கரை மறைவில் இருப்பதால், பெரும்பாலான நாட்களில் நீர் அமைதியாக இருக்கிறது. பவளப்பாறை கரையை ஒட்டியே தொடங்குவதால், பல இடங்களில் படகே தேவையில்லை. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசி, இடத்தின் பெயர் எழுதி வைத்த கற்கள் இறங்கும் இடங்களைக் காட்டுகின்றன. கரையிலிருந்து சில நிமிடங்கள் நீந்தினால் மணல் மேடை. அதன் விளிம்பில், சுமார் பத்து மீட்டர் ஆழத்தில், பவளச் சரிவு தொடங்குகிறது. பயிற்சிக்கு மணல், பார்வைக்குப் பவளம், திரும்பிவரக் கரை என மூன்றும் அருகருகே இருக்கின்றன. கிளிமீன்களையும் கடலாமைகளையும் காண ஆழத்துக்குப் போகவேண்டிய கட்டாயமும் இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் நியாயம் இருக்கிறது. கோசுமெலில் நல்ல பயிற்சியாளர்களும் அமைதியான இடங்களும் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் அந்தத் தீவின் புகழே நீரோட்டத்தோடு மிதந்துபோகும் முக்குளிப்பால் வந்தது. அந்தச் சுகத்தை அனுபவிக்க முதலில் உடலை நிலைநிறுத்தத் தெரிய வேண்டும். ஹொண்டுராஸின் ரோவாடான் செலவு குறைந்தது என்பார்கள். பயிற்சிக் கட்டணம் மட்டுமே முக்கியம் என்றால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் புயல் பருவத்தில் பயணம் வைப்பவர்களுக்குப் பொனேர் கூடுதல் நிம்மதி தரும். அது வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. அது முழு உத்தரவாதம் என்று சொல்லிவிட முடியாது. 1999-இல் லென்னி புயலும் 2008-இல் ஓமரும் எழுப்பிய அலைகள் அந்த மறைவான மேற்குக் கரையையே சேதப்படுத்தின. ஆனாலும் வாய்ப்பைக் கணக்கிட்டுத்தானே திட்டமிடுகிறோம்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. விருப்பப்பட்ட இடத்தில் தாமே இறங்கும் சுதந்திரம் புதியவருக்கு ஆபத்தல்லவா? ஆபத்துதான். கரையின் பல பகுதிகள் உடைந்த பவளத்துண்டுகள் நிறைந்தவை, கால் இடறும். மணல் மேடையைத் தாண்டினால் சரிவு முப்பது மீட்டருக்கும் கீழே போகிறது. எனவே மஞ்சள் கல்லை நம்பித் தனியே இறங்குவது கூடாது. பயிற்சியாளருடன், விடுதிகளின் மரப்பாலத்துப் படிகளில் இறங்குவதே தொடக்கம். அறிமுக முக்குளிப்புக்குப் பன்னிரண்டு மீட்டர், அடிப்படைச் சான்றிதழ் பெற்றவருக்குப் பதினெட்டு மீட்டர் என்ற வரம்புகளைப் பொனேரிலும் மதிக்க வேண்டும். தீவு எளிதாக இருப்பதால் கடலும் எளிதாகிவிடாது.

நிதானம் புதியவரைக் காப்பதோடு பவளத்தையும் காக்கிறது. சமநிலை தெரியாதவரின் ஓர் உதை, பல ஆண்டுகள் வளர்ந்த கிளையை நொடியில் முறித்துவிடும். பொனேர் 1979-இலேயே தன் கரையோரக் கடலைக் கடல் பூங்காவாக்கியது. அங்கே பவளத்தின்மீது நங்கூரம் போட முடியாது, முக்குளிப்பவர் கையுறை அணிய முடியாது. தொட்டுப் பிடிக்கும் பழக்கம் வளராதிருக்கவே இந்தத் தடை. வருபவர்கள் முதலில் ஒரு பழகு முக்குளிப்பை முடிக்க வேண்டும் என்பதும் விதி. இத்தனைக்குப் பின்னும் 2023-இல் கல்பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் அங்கே பரவத் தொடங்கியது. ஏற்கெனவே நோயால் நலிந்த பவளத்தின்மீது முக்குளிப்பவரின் உதையும் விழக்கூடாது என்பதால், புதியவர் தொடக்கத்திலேயே கற்க வேண்டிய ஒழுக்கம் இன்னும் அவசியமாகிறது.

ஆகவே முதல் பயணத்தைப் பொனேருக்கு வையுங்கள். புறப்படுமுன் மருத்துவரிடம் காது, மூச்சு, இதயம் குறித்துக் கேளுங்கள். பல முறை முக்குளித்திருந்தால், விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் ஓய்வெடுங்கள். கோசுமெலுக்கும் பெலீஸுக்கும் பிறகு போகலாம். அப்போது அவற்றின் அழகை ரசிக்கும் திறனும் உங்களிடம் இருக்கும்.