மருமகனுக்கு ஒரு பாட்டுப்பெட்டி

அக்கா பையனுக்குப் பத்து வயசு. பொறந்தநாளுக்கு என்னடா வேணும்னு கேட்டேன். "ஸ்டீரியோ மாமா. லாரி சத்தத்தை விடப் பெருசா பாடணும்."

திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் வீடு. ராத்திரியெல்லாம் கன்டெய்னர் லாரிதான்.

டியூஷன் காசோட பர்மா பஜார் போனேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவங்க 1960களில் போட்ட கடைங்க. ஒரு அட்டைப்பெட்டியில '1000 வாட்ஸ் பிஎம்பிஓ'ன்னு போட்டிருந்துச்சு. அது கண நேர உச்சக் கணக்கு மக்களே, ஏமாறாதீங்க! தொடர்ந்து தர்ற ஆர்எம்எஸ் 20 வாட்ஸ்தான்.

குழந்தைங்க பாட்டு கேக்க வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல் தாண்டாம இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. லாரியை ஜெயிக்கணும்னா காது தோக்கணும். சின்னதா, தெளிவா பாடினதையே வாங்கிட்டேன்.

பிரிச்சுப் பாத்ததும் பையன் முகம் சுருங்கிடுச்சு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவனே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். பாட்டு நல்லாவே கேட்டுச்சு.