ஏற்றத்தில் மட்டும் நிற்கிற லாரி

கார் நெல் அறுத்து முடிந்து அம்பாசமுத்திரம் மில்களில் அரிசி மூட்டை ஏறத் தொடங்கிவிட்டால் சித்தப்பாவின் லாரிக்கு ஓய்வே கிடையாது. தென்காசி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாய் ஏறி, புனலூர், கொல்லம் என்று ஓடும். சமதரையில் எந்தத் தொந்தரவும் இல்லை. புளியரை எஸ் வளைவில்தான் வம்பு. இழுவை குறையும், இருமும், நின்றுவிடும். டிரைவர் இறங்கி ஒரு பீடி குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

பட்டறைக்குக் கொண்டுபோனாலோ நல்ல பிள்ளை. டிரைவர் பொய் சொல்கிறார் என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு பழி டீசல் பம்ப் மேல் விழுந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் கழற்றி, அளந்து, திரும்ப மாட்டினார்கள். லாரி மறுபடியும் அதே வளைவில் நின்றது.

ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடவே இல்லை. டிரைவரை பெஞ்சில் உட்காரவைத்து, "எந்த இடத்துல நின்னுச்சு? லோடு இருந்துச்சா? டேங்குல டீசல் எவ்வளவு கெடந்துச்சு? அதச் சொல்லும்வே முதல்ல" என்றார்.

அவர் பேச்சில் பாதி கரண்டைப் பற்றித்தான். பாஷ் கம்பெனி 1927-ல் டீசல் பம்ப் தயாரிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அதைச் சுற்றுவது எஞ்சின்தான், கரண்ட் இல்லை. கிளப்பிவிட்டால் பாட்டரி செத்தாலும் வண்டி ஓடும். நிறுத்துவதற்கும் டிரைவர் இழுக்கிற கேபிள் போதும். ஆகவே ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் வயரைப் பார். சுற்றியும் பிடிக்கவில்லை, ஓடி ஓடி நிற்கிறது என்றால் டீசல் வழியைப் பார். இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்பார்.

அந்த லாரிக்குக் கரண்டிலும் ஒரு கிறுக்கு இருந்தது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டர் மங்கலாக மினுங்கும். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ராத்திரியில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின்விளக்கு மொத்தமும் அணையும், அடுத்த பள்ளத்தில் எரியும். அண்ணாச்சியிடம் மீட்டர் கிடையாது; ஒரு பல்ப், இரண்டு வயர். பாபநாசத்தில் 1944-லேயே தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்த ஊர்க்காரர்கள் நாம், ஒரு எர்த் பார்க்கத் தெரியாதா என்று சிரிப்பார். விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வர வழி சேசிஸ்தான். எர்த் போல்ட்டில் துரு ஏறினால் அந்த வழி அடைபட்டு, கரண்ட் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து போகும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். புது வயர் ஒரு முழம்கூடச் செலவாகவில்லை.

டீசல் விஷயம் அப்படி லேசில் பிடிபடவில்லை. பம்புக்குப் பிறகு ஒழுகினால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். பம்புக்கு முன்னால், டேங்கிலிருந்து உறிஞ்சுகிற பைப்பில் விரிசல் என்றால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஏர் எடுக்கிற திருகைத் தளர்த்தி கை பம்பை அடித்தால் நுரை வரவேண்டும். இங்கே வந்தது குமிழி இல்லாத சுத்தமான டீசல்.

கடைசியில் ஒரு கேனில் டீசலை ஊற்றி கேபினுக்குள் கட்டித் தொங்கவிட்டார். பம்புக்கு வருகிற ஹோஸை டேங்கிலிருந்து பிரித்துக் கேனில் விட்டு, லோடோடு புளியரைக்கே ஓட்டச் சொன்னார். எஸ் வளைவில் நிற்காமல் ஏறியது. அப்படியானால் பம்ப் குற்றவாளி இல்லை. கோளாறு டேங்குப் பக்கம்தான்.

டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது கருத்த பனியன் வேஸ்ட் ஒன்று வழுக்கி விழுந்தது. எப்போதோ எவரோ மூடிக்குப் பதிலாகத் திணித்த துணி. ஏற்றத்தில் எஞ்சின் டீசலை அதிகம் கேட்கும். பம்ப் வலுவாக உறிஞ்சும். துணி போய்க் குழாய் வாயில் ஒட்டும். எஞ்சின் நின்றதும் பிடி விட்டு அடியில் படிந்துவிடும். பீடி குடிக்கிற நேரம் அதற்குப் போதும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 லாரிகளில் பம்பும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அண்ணாச்சியின் 'கரண்ட் வேறு, டீசல் வேறு' இப்போது செல்லாது. ஸ்கேனரை மாட்டினால் டீசல் அழுத்தம் குறைவு என்று ஒரு எரர் கோட் காட்டும். ஏன் குறைந்தது என்று காட்டாது. பம்பையும் சென்சாரையும் மாற்றி பில் போடுவதற்கு முன், ஏற்றத்திலா சமதரையிலா, லோடு இருந்ததா என்று டிரைவரிடம் கேட்கக் காசு செலவாகாது.