இறுகிய மரை

போன வாரம் பேரன் பட்டறையிலிருந்து வந்து நின்றான். உள்ளங்கை கன்றிப் போயிருந்தது. "ஃபேஸ்பிளேட் கழலவே மாட்டேங்குது தாத்தா. சுத்தியலால நாலு போடு போட்டும் அசையல." எந்தப் பக்கமாக அடித்தாய் என்று கேட்டேன். கையால் காட்டினான். அந்த நாலு அடியும் தட்டை இன்னும் இறுக்கத்தான் உதவியிருக்கும்.

கடைசல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டில் கால், மாடிப்படித் தூண் மாதிரி நீளமானவற்றை லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்துக் கடையலாம். சப்பாத்திப் பலகை, மரக்கிண்ணம் என்றால் அது சரிவராது. ஓர் இரும்புத் தட்டில் மரத்தைத் திருகாணி போட்டு முடுக்கி, தட்டை லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் மரையில் ஏற்ற வேண்டும். அந்தத் தட்டுதான் ஃபேஸ்பிளேட். வலது மரை. லேத் நம்மை நோக்கி மேலிருந்து கீழாகச் சுற்றுகிறது, உளி அதை மறிக்கிறது. ஸ்பிண்டில் முன்னே போகப் பார்க்க, தட்டு பின்தங்கப் பார்க்க, சீவலுக்குச் சீவல் மரை இறுகிக்கொண்டே போகும். உளி ஒரு தடவை வெடுக்கென்று மரத்தில் மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். துருப்பிடித்த லேத்தில்தான் இது நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் ஓடுகிற லேத்தில்தான் அதிகம்.

அதனால், ஸ்பிண்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, தட்டை அது ஓடுகிற திசையிலேயே திருப்பினால்தான் கழலும். புதிதாக வருகிறவன் கைக்கு எதிர்த்திசைதான் தோன்றும்.

எனக்கு 19 வயதில் திசை தெரிந்திருந்தது. நிதானம்தான் இல்லை. பெரியாசாரி சாப்பிடப் போன நேரம். தூணில் வரிப்பள்ளம் போடும்போது கோணம் பிரிப்பதற்கென்று லேத்தில் ஒரு சின்ன ஊசி உண்டு. அதைத் துளையில் செருகி ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டேன் என்ற தைரியத்தில் தட்டைப் பிடித்து இழுத்தேன். ஊசி வளைந்தது, துளையும் பிய்ந்தது. வந்த ஆத்திரத்தில் தட்டின் விளிம்பிலேயே சம்மட்டியைப் போட்டேன். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. கால் பங்கு விளிம்பு தெறித்துச் சுவரில் பட்டது. அன்றைக்கு ஆரம்பித்த பேரிங்கின் கரகரப்பு, அதை மாற்றும்வரை ஓயவில்லை. ஆசாரி திட்டவில்லை. தெறித்த துண்டை எடுத்து ஜன்னலில் வைத்தார். நான் அந்தப் பட்டறையை விட்டு வரும்வரை அது அங்கேயே இருந்தது.

அடுத்த முறை சிக்கியபோது அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மரை தொடங்கும் இடுக்கில் நாலு சொட்டு மண்ணெண்ணெய். ராத்திரி முழுக்க அப்படியே விட்டார். காலையில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, கொதிநீரில் முக்கிய துணியைத் தட்டின் கழுத்தில் சுற்றினார். ஸ்பிண்டில் குளிர்ந்திருக்க, தட்டு மட்டும் சூடாக வேண்டும். ஒன்றேகால் அங்குல மரைக்கு 60 டிகிரி வித்தியாசத்தில் இரும்பு விரிவது 0.02 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்குமா? அது போதும். பிறகு தட்டின் குறுக்கே இரண்டடி வேங்கைச் சட்டத்தை முடுக்கினார். ஸ்பிண்டிலின் பட்டையான பக்கத்தில் ஸ்பேனரை மாட்டி, அதன் வால் லேத் பெட்டில் முட்டி நிற்கும்படி வைத்தார். நம் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சட்டத்தின் நுனியில், மரச்சுத்தியால் கீழ்நோக்கி ஒரே அடி.

'டக்'. அவ்வளவுதான்.

வயதானவர்கள் எல்லாரும் பொறுமை பொறுமை என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத் தட்டை எடுத்தது ராத்திரி முழுக்க இருந்த பொறுமை மட்டுமல்ல, அந்த அடியும்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

என் தம்பியும் நானும் 11 வருஷம் பேசவில்லை. ஊர்க் கிணற்று மோட்டார் விற்ற பணம் பற்றிய வருத்தம். காலம் ஆற்றும் என்று இருந்தேன். அதைப் பெரிய மனுஷத்தனம் என்றுகூட நினைத்தேன். உண்மையில் எண்ணெய் எப்போதோ காய்ந்துவிட்டது. நான் அடிக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி வீட்டுக் காரியத்தில் அவன் தனியாக நின்றபோது நேராகப் போய், "மோட்டார் காசை நான் அமுக்கிட்டேன்னு நினைக்கியா?" என்று கேட்டேன். "ஆமா" என்றான். அரை மணி நேரம் கத்தினான். கணக்கில் பாதி அவன் சொன்னதுதான் சரி. தொண்டை கட்டியதும், "காப்பி குடிக்கியா அண்ணே?" என்றான்.

பேரனின் தட்டு மறுநாள் காலை கழன்றது. மண்ணெண்ணெய்க்குப் பதில் அவன் டபிள்யூடி-40 வாங்கி வந்தான், கொதிநீர்த் துணிக்குப் பதில் அம்மாவின் ஹேர் டிரையர். இருக்கட்டும். தட்டு உட்காரும் தோளில் மரத்தூள் அப்பம்போல இறுகிக் கிடந்தது. பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கச் சொன்னேன். இனிமேல் சிக்காமலிருக்கத் தட்டுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையம் போட வேண்டும், எங்கும் ஒரே கனமாக. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அதற்கு ரொம்ப நல்லது.

"அதுக்கு எங்க போறது?" என்றான்.

சின்னத் தாத்தா வீட்டுக்கு அனுப்பினேன். முழங்கால் படம் நாலைந்து அவனிடம் இருக்கிறது. நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னானாம். முட்டிச்சில்லு இருந்த இடத்தில் இப்போது ஒன்றேகால் அங்குல ஓட்டை.