பெயரன்

பேரன் என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியிலேயே தலைவனின் புதல்வன் தந்தைவழிப் பாட்டனின் பெயருடையவனாகக் காட்டப்படுகிறான். ஆயின், அப்பிள்ளையை அவனுடைய தாய் எவ்வாறு அழைத்தாள் என்பதே என்னை உறுத்தும் வினா.

என் பெயர் அப்பப்பாவின் பெயர். மாமனாரின் பெயரை மருமகள் உச்சரித்தல் எங்கள் ஊர் வழக்கில் மரியாதைக் குறைவு. ஆகவே அம்மாவுக்கு நான் ‘தம்பி’. பிறரிடம் முறையிடும்போது ‘உவன்’. பெற்ற மகனின் பெயரைத் தாயே சொல்ல இயலாமற்போவது மரியாதையா, பறிப்பா? பறிப்பென்றே நான் கருதுகிறேன். அம்மா அவ்வாறு கருதவில்லை.

2009இல் வவுனியாவில் ஒரு முகாமில் எங்களைப் பதிந்தார்கள். எனக்கு வயது ஏழு. மகனின் பெயர் கேட்கப்பட்டபோது அம்மா தயங்கினார். தயக்கமே ஐயத்துக்கு இடமளிக்கக்கூடிய காலம் அது. பின்னால் நின்ற அப்பப்பா, “சொல்லு பிள்ளை, பரவாயில்லை” என்றார். அம்மா சொன்னார், மிக மெதுவாக. அவர் வாயால் என் பெயரை நான் கேட்டது அன்று மட்டுமே.

கனடாவுக்குச் சென்ற சித்தப்பாவின் நிலை வேறு. இங்கு முதலெழுத்தாக ஒடுங்கியிருந்த தந்தையின் பெயர் அங்கு குடும்பப் பெயராயிற்று. அலுவலகத்தில் அவரை அப்பெயராலேயே அழைக்கின்றனர். சித்தியின் கடவுச்சீட்டிலும் அதுவே. அவரும் அவ்வீட்டு மருமகள்தான். வங்கியிலும் வைத்தியசாலையிலும் தம் பெயரைக் கூறும்போதெல்லாம் மாமனாரின் பெயரையும் சேர்த்தே கூறுகிறார். தொலைபேசியில் சித்தி அதைச் சொல்லும்போது அம்மா வாய்பொத்திச் சிரிப்பார்.