பொதியமலை யாத்திரை

தண்பொருநை என்னும் தாமிரபரணிக்குத் தாய்மலையாய், அகத்திய முனிவர் உறைவிடமென்று தொன்றுதொட்டுப் போற்றப்படுவது பொதியமலை. திருநெல்வேலிச் சீமையார் அம்மலையை நாடோறும் கண்ணாற் கண்டும், அதன் நீரைப் பருகியும் வாழ்பவர். ஆயினும் 1,868 மீட்டர், ஏறக்குறைய 6,130 அடி உயர்ந்த அதன் கொடுமுடியை நடந்து சென்று கண்டவர் அவருள் மிகச் சிலரே.

முன்னாளிற் பாபநாசத்தினின்று காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி வழியாக ஏறிய அன்பர் உண்டு. அவ்வழி பின்னர் அடைக்கப்பட்டது. கொடுமுடியும் கேரள எல்லையுட் பட்டது. ஆதலின் நெல்லையன்பர் மேற்றிசை சென்று, திருவனந்தபுரம் மாவட்டத்துப் போணக்காட்டிலிருந்து, அந்நாட்டு வனத்துறையாரின் அனுமதிச் சீட்டுப் பெற்று ஏறுகின்றனர். தைத்திங்களில் தொடங்கிச் சில வாரங்களே இவ்வனுமதி உண்டு. நாளொன்றுக்கு இத்தனை பேரென்ற வரையறையும் உண்டு. கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பயனாய் 2019ஆம் ஆண்டு முதல் மகளிரும் ஏறி வருகின்றனர்.

யாத்திரை மூன்று நாட்களுக்குரியது. முதல் நாள் ஓடைகள் பல கடந்து ஏறக்குறைய ஒன்பது மைல் நடந்து அதிருமலை என்னும் தங்குமிடம் அடைதல் வேண்டும். அட்டைகள் காலைப் பற்றும். முட்டிடிச்சான் தேரி என்னும் ஏற்றத்தில், எடுத்து வைக்கும் காலின் முழங்கால் முகத்தை முட்டும் என்பது அப்பெயரின் கருத்து. தங்குமிடத்தைச் சுற்றி யானை புகாதபடி அகழி வெட்டப்பட்டுள்ளது. ஊரிற் பெரியவர், சிறியவர் என்றிருந்தோர் யாவரும் அங்கே ஒரே கூரையின்கீழ், ஒரே களைப்புடன் படுக்கின்றனர். இரண்டாம் நாள் பொங்காலைப்பாறை கடந்து, மரமற்ற வழுக்குப் பாறைகளிற் கயிற்றைப் பற்றியேறி உச்சியை அடைகின்றனர். அங்கே முனிவர் திருவுருவம் மழையிலும் வெயிலிலும் கூரையின்றி நிற்கின்றது. முகில் விலகுங்கால் கீழ்த்திசையிற் காரையாற்று நீர்த்தேக்கமும், அதற்கப்பால் நெல்லை நாடும் தோன்றும். மூன்றாம் நாள் இறங்கி மீள்கின்றனர்.

இவ்வழியிற் செல்வோர்க்கு நியமங்கள் சில விதிக்கப்பட்டுள்ளன. மதுவும் பிளாஸ்டிக் பொருள்களும் கொண்டு செல்லலாகாது. பூசைப் பொருள்களும் ஆகா. இதனைக் கேட்டு வருந்துவார் உளர். சிறிது ஆராயின் வருந்துதற்கு இடமில்லை. புறப்பூசைக்கு வேண்டுவன கிட்டாதவிடத்து அகப்பூசை செய்தல் நம் சமயத்தார் அறியாததன்று. வெறுங்கையுடன் நின்று தொழுவானுக்கு அங்கே நெஞ்சம் ஒன்றே மலராகின்றது.

இந்நியமங்கள் தோன்றியதற்குத் தக்க காரணமும் உண்டு. அம்மலையிலன்றிப் பிறிதெங்கும் இயல்பாய் வளராத ஆர்க்கிட் இனத்து மஞ்சட்பூ ஒன்று உளது. 1865இல் துரூரி என்னும் ஆங்கிலேயர் அதனைக் கண்டறிந்தார். அழகை விரும்பினோர் பறித்துச் சென்றமையாலும் காட்டுத்தீயாலும் அது அற்றுப்போகும் நிலையை எய்திற்று. அம்மலைவாணராகிய காணிகளின் செய்கையோ வேறு. 1987இல் அக்காட்டினுட் சென்ற ஆராய்ச்சியாளர், வழிகாட்டி வந்த காணிகள் ஒருவகைக் கனியைத் தின்று சோர்வின்றி நடத்தலைக் கண்டு வினவினர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காணிகள் தயங்கியே காட்டினர். அதிலிருந்து ஒரு மருந்து செய்யப்பட்டது. அதன் உரிமத்தொகையிற் பாதி காணிகளுக்கென்று முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாய்த் தின்றும் செடியை அழியாது வைத்திருந்தவர் அவர்.

ஆற்றின் வாழ்வும் அக்காட்டினைப் பற்றியதே. சோலைக்காட்டில் உதிர்ந்த இலைகள் மக்கிய மண், இருபருவ மழையையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களிற் சிறிது சிறிதாய்க் கசியவிடுகின்றது. அக்கசிவே ஓடைகளாய்த் திரண்டு ஆறாகி, எட்டு அணைக்கட்டுக்களின் வழியே வயல்களை நனைத்துப் புன்னைக்காயலருகே கடலிற் கலக்கின்றது. மேலே மண் மிதிபட்டுக் கெடின், கீழே கோடையில் நீர் சுருங்கும்.

இனி, மலையினின்று மீண்ட அன்பர் பாபநாசத்துறையில் நீராட வருகின்றார் என்க. இறைவன் அகத்தியர்க்குத் திருமணக்கோலம் காட்டியருளிய தலம் அது. அங்கே அவர் காண்பது யாது? பாவம் தொலைக்க வந்தோர் உடுத்த ஆடையை ஆற்றிலேயே விட்டுப் போகின்றனர். அத்துணிகள் படித்துறையிலும் பாறையிடுக்குகளிலும் குவிந்து, குளிப்போர் காலைச் சுற்றுகின்றன. மீன்களுக்கும் ஊறு செய்கின்றன. மலைமேல் ஒரு தாளும் போடாது காத்தவரே இங்கே தம் வேட்டியை நீரில் விடுதலும் கூடும். மேலே காவலர் இருந்தமையாற் காத்த நியமமாயின் அது நியமமாகாது. முனிவர் மலையும் அவர் ஆறும் இரண்டல்ல. அரசினர் துணிகளை வாரி அகற்றலாம். விடாதிருத்தல் நீராடுவார் கடன். உடுத்ததை வீட்டிற்குக் கொண்டு சென்று துவைத்து உடுத்தலால் எப்புண்ணியமும் குறைவதில்லை. மூன்று நாள் மலையில் நடந்த ஒருவர், ஊர் திரும்பித் தம் வீட்டாரிடம் இதனைச் சொல்லி, அடுத்த அமாவாசையன்று துறையில் தாமே செய்து காட்டுவாராயின், அவர் யாத்திரை நிறைவெய்தியதாகும்.